ஏட்டின் ஆயுளும் நூலின் ஆயுளும்: கிழக்கிந்தியப் பௌத்தச் சுவடிகளின் ஆக்கமும் படியெடுப்பும்

முன்னுரை

பழந்தமிழ் நூல்கள் பல மறைந்தமைக்குக் காரணம் கூறப் புகும் நம் இலக்கிய வரலாறுகள், கடல்கோளையும் கறையானையும் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தையும் சுட்டி அமைகின்றன. இவை பொய்யல்ல. எனினும் கறையான் நூலின் சமயம் பார்த்து ஏட்டை அரிப்பதில்லை. சங்கத் தொகைநூல்களின் ஏடுகளையும் அது அரித்தது. தேவார ஏடுகளையும் அரித்தது. குண்டலகேசியின் ஏடுகளையும் அரித்தது. முன்னிரண்டும், சில பகுதிகள் மறைந்தபோதிலும், இன்று நம் கையில் நூல்களாக உள்ளன. மூன்றாவது சில செய்யுட்களாக மட்டுமே எஞ்சியுள்ளது. ஆகவே ஏடு ஏன் அழிந்தது என்பதைக் காட்டிலும், அழியும் ஏட்டிற்கு மாற்றாக மற்றோர் ஏட்டை எழுதியவர் யார், எதன் பொருட்டு எழுதினார் என்பதே நூல் வரலாற்றில் முதன்மை பெற வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவிற்குத் தெளிவான விடை தரும் சான்றுத் தொகுதியாகக் கிழக்கிந்தியாவின் பௌத்தச் சுவடிகள் விளங்குகின்றன. கி.பி. 8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை வங்கத்தையும் மகதத்தையும் ஆண்ட பால மன்னர்கள் காலத்தில் நாளந்தா, விக்கிரமசீலம் முதலிய மகாவிகாரைகளில் எழுதப்பெற்ற சுவடிகள் சில இன்றும் கிடைக்கின்றன. எழுதுவித்தவர் பெயரும், நோக்கமும், மன்னரின் ஆட்சியாண்டும் பலவற்றின் இறுதியில் குறிக்கப்பெற்றுள்ளன. அச்சுவடிகள் எவ்வாறு ஆக்கப்பெற்றன, எவ்வாறு படியெடுக்கப்பெற்றன, எங்ஙனம் எஞ்சின என்பனவற்றை ஆராய்ந்து, அவ்வழித் தமிழ்ப் பௌத்த நூல்களின் மறைவிற்கு ஒரு விளக்கம் காண முற்படுகிறது இக்கட்டுரை.

செவியிலிருந்து ஏட்டிற்கு

புத்தரின் அறவுரைகள் நெடுங்காலம் செவிவழியாகவே வழங்கின. ஒவ்வொரு நூற்பகுதியையும் மனனம் செய்து ஓதும் பிக்குகள் குழுக்களாக இயங்கினர். பாலித் திரிபிடகம் வட்டகாமணி அபயன் ஆட்சியில், கி.மு. முதல் நூற்றாண்டில், இலங்கையில் முதன்முதலாக எழுத்தில் வடிக்கப்பெற்றது எனத் தீபவம்சமும் மகாவம்சமும் கூறுகின்றன. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையே அவ்விடம் என்பது பிற்கால மரபு. இம்முயற்சியின் பின்புலமாகப் போரும் பெரும்பஞ்சமும் சுட்டப்பெறுகின்றன. அப்பஞ்ச காலத்தில் மகாநித்தேசம் என்னும் நூலை மனனமாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவே எஞ்சினார் என்றும், அவரும் ஒழுக்கம் குன்றியவர் என்றும், ஆயினும் நூல் அழியலாகாது என்பதற்காக அவரிடமே சென்று பாடம் கேட்க நேர்ந்தது என்றும் விநய உரையாகிய சமந்தபாசாதிகை கூறுகிறது. ஒரு நூலின் வாழ்வு ஒரே மனிதரின் மூச்சில் தங்கிவிடும் அச்சமே எழுத்தை நாடச் செய்தது என்பது இதனாற் புலனாகும்.

எழுத்து வந்த பின்னரும் ஏடுகள் எங்கும் எளிதிற் கிடைத்தன அல்ல. கி.பி. 399இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பாகியான் விநய நூல்களைத் தேடியே இந்தியா வந்தார். வடபுலத்தில் ஆசிரியர்கள் வாய்மொழியாகவே பாடம் சொல்லினர் என்றும், படியெடுக்க ஏடு இல்லை என்றும், பாடலிபுத்திரம் வரை சென்ற பின்னரே விநய நூலின் ஏடு கிடைத்தது என்றும் அவர் எழுதியுள்ளார். அங்கு மூன்றாண்டுகள் தங்கி மொழி கற்று நூல்களைப் படியெடுத்தார். பின்னர்த் தாமிரலிப்தித் துறைமுகத்தில் ஈராண்டுகள் தங்கி மேலும் எழுதினார். யாத்திரிகர் ஒருவர் பல்லாண்டுகளைப் படியெடுப்பிற்கே செலவிட்டார் என்பது அன்றைய ஏட்டின் அருமையை உணர்த்துகிறது.

கி.பி. 645இல் 657 நூல்களுடன் சீனம் திரும்பிய யுவான் சுவாங்கின் வரலாற்றிலும் இத்தகைய செய்தியுண்டு. சிந்து நதியைக் கடக்கையில் ஏற்பட்ட கொந்தளிப்பில் அவர் கொண்டுசென்ற ஏடுகளில் ஒரு பகுதி நீரில் வீழ்ந்தது. அவர் பயணத்தை நிறுத்தி, இழந்த நூல்களுக்குப் படியெடுத்துவர ஆளனுப்பினார். நாடு திரும்பிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், இழந்த நூல்களின் பட்டியலை இணைத்து, அவற்றின் படிகளை அனுப்புமாறு மகதத்துப் பிக்கு ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஏடு நீரில் போயிற்று, நூல் போகவில்லை. மூலம் வேறிடத்தில் உளது என்னும் நம்பிக்கையும், கேட்டால் எழுதித் தருவார் உளர் என்னும் நம்பிக்கையுமே அக்கடிதத்தின் அடிப்படை.

படியெடுப்பு ஒழுங்கு பெற்ற ஒரு செயல் என்பதற்கு இன்னும் பழைய சான்றொன்று காந்தாரப் பகுதியிலிருந்து கிடைத்துள்ளது. பிரித்தானிய நூலகம் 1994இல் பெற்ற, கரோஷ்டி எழுத்திலமைந்த பூர்ச்சப்பட்டைச் சுருள்கள் ஏறத்தாழக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை. அவற்றுள் சிலவற்றின் வரிகளுக்கிடையே, எழுதியாயிற்று என்னும் பொருள்பட, வேறு கையால் எழுதப்பெற்ற குறிப்புகள் காணப்படுகின்றன. பழைய சுருள் புதிய சுருளிற் படியெடுக்கப்பெற்றதைக் காட்டும் அடையாளம் இஃது என அவற்றை ஆராய்ந்த ரிச்சர்டு சாலமன் விளக்கியுள்ளார்.

ஏடும் எழுதுகருவியும்

காந்தாரம், காச்மீரம், கில்கித் ஆகிய மலைநாடுகளில் பூர்ச்சப்பட்டை எழுதுபொருளாயிற்று. 1931இல் கில்கித்தில் கிடைத்த புகழ்பெற்ற பௌத்தச் சுவடிகள் அவ்வகையின. அவற்றின் பெரும்பகுதி புதுதில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. மகதம், வங்கம், நேபாளம் ஆகிய பகுதிகளில் பனையோலை வழங்கிற்று. தமிழகத்தில் மிகுதியாகப் பயன்பட்ட பனை ஓலை தடித்தது. எழுத்தாணியின் கீறலைத் தாங்குவது. வடபுலத்துப் பழஞ்சுவடிகளோ பெரும்பாலும் தாளிப்பனை ஓலையில் அமைந்தவை. அவ்வோலை மெல்லியது, நெகிழ்வுடையது, அகலமும் நீளமும் மிக்கது.

ஓலையின் இயல்பிற்கேற்ப எழுதும் முறையும் வேறுபட்டது. தமிழகத்திலும் இலங்கையிலும் எழுத்தாணியால் கீறிப் பின்னர்க் கரிமை தடவித் துடைப்பது மரபு. ஏட்டுக்கு மையாடுதல் என்று நாம் கூறுவது இதனையே. மகதத்திலும் நேபாளத்திலும் புகைக்கரியால் ஆகிய மையைத் தோய்த்து எழுதுகோலால் ஓலையின் மேற்பரப்பில் எழுதினர். கீறிய எழுத்தை மீண்டும் மையிட்டுத் தெளிவாக்கலாம். ஆனால் நுண்ணிய ஓவியம் தீட்ட அம்முறை இடந்தராது. மையெழுத்து உராய்வினால் தேயும். ஆனால் எழுத்தருகே வண்ண ஓவியம் தீட்டலாம். பால மன்னர் காலச் சுவடிகளில் சிற்றோவியங்கள் சிறந்தமைக்கு இத்தொழில்முறையும் ஒரு காரணமாகும்.

ஓர் ஏடு பெரும்பாலும் ஆறேழு சென்டிமீட்டர் அகலமும் அரை மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடையதாக அமைந்தது. கயிறு கோக்க இரு துளைகள் இடப்பெற்றன. துளையைச் சூழ்ந்து சிறு கட்டமாக இடம் விட்டு, அதன் இருமருங்கும் ஐந்தாறு வரிகள் எழுதப்பெற்றன. ஓவியம் அமையும் ஏட்டில் அதற்குரிய இடத்தை விட்டே எழுத்தாளர் எழுதினார்; பின்னரே ஓவியர் தம் பணியைத் தொடங்கினார். ஏடுகளை மேலும் கீழும் மரச்சட்டங்கள் காத்தன. நம் சுவடிகளின் சட்டம், கயிறு, துளை ஆகியவற்றோடு இவ்வமைப்பு பெரிதும் ஒத்துள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சட்டங்களிற் பல, சந்தனமும் குங்குமமும் அப்பி, ஓவியமே மறையும் அளவிற்குக் கறுத்துள்ளன. சுவடி ஓதப்பெற்றது மட்டுமன்று. பூசிக்கவும் பெற்றது என்பதற்கு அக்கறைகளே சான்று.

எழுதுதல் என்னும் அறம்

அக்காலத்தில் மிகுதியாகப் படியெடுக்கப்பெற்ற நூல்களுள் அஷ்டசாகஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதை தலையாயது. எண்ணாயிரம் என்னும் பெயர், அந்நூலின் அளவைக் குறிப்பதாகும். முப்பத்திரண்டு எழுத்தசைகள் கொண்டது ஓர் அலகு. உரைநடை நூலாயினும் அவ்வலகாலேயே அளந்தனர். கிரந்தம் என வழங்கும் அவ்வலகு, எழுதுவோர்க்குரிய கூலியைக் கணக்கிடவும் உதவியது. எனவே நூலின் பெயரே படியெடுப்போரின் அளவைமுறையைத் தன்னுட் கொண்டுள்ளது.

இந்நூல் தன்னை எழுதுமாறு தானே வேண்டுகிறது. பிரஜ்ஞாபாரமிதையை எழுதி நூலாக நிறுவி மலராலும் விளக்காலும் வழிபடுவோர் பெறும் புண்ணியம், புத்தரின் உடலெச்சங்களை உள்ளடக்கிய தூபிகளை எழுப்பி வழிபடுவோர் பெறும் புண்ணியத்தினும் மிக்கது என்னும் கருத்து அதன் தொடக்க அதிகாரங்களில் விரித்துரைக்கப்பெறுகிறது. எழுதிய நூலைப் பிறர்க்கு வழங்குதல் அதனினும் சிறந்தது எனப்படுகிறது. இக்கருத்தினை முன்வைத்து மகாயானத்தின் நூல்வழிபாடு பற்றி 1975இல் கிரிகோரி ஷோபன் எழுதிய கட்டுரை, பின்வந்த ஆய்வுகட்கு வித்தாயிற்று.

பதினோராம் அதிகாரம் சுவடியியலார்க்குச் சுவையான பகுதியாகும். இந்நூலை எழுத அமர்வோர்க்கு மாரன் விளைக்கும் இடையூறுகள் அங்கு அடுக்கிக் கூறப்பெறுகின்றன. கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதுதல், சிரித்துப் பேசிக்கொண்டு எழுதுதல், ஒருவரையொருவர் எள்ளுதல், சிந்தை சிதறுதல், இதில் எமக்குச் சுவையில்லை எனப் பாதியில் எழுந்து போதல் ஆகியன மாரன் செயல்களாம். சமயத் தத்துவம் பேசும் நூல் இவ்வளவு நுணுக்கமாக எழுதும் அவையின் சோர்வைப் படம்பிடித்தமை, அந்நூலைக் காத்தோர் எழுத்துப் பணியின் வருத்தத்தை நன்கறிந்தவர் என்பதைக் காட்டுகிறது. முதுகும் இடுப்பும் ஒடியக் கழுத்து வளைய எழுதினேன், இதனைப் பேணிக் காப்பீராக என்றும், மூலத்திற் கண்டவாறே எழுதினேன், பிழையிருப்பின் குற்றம் எனதன்று என்றும் பொருள்படும் வாய்பாடுகள் பௌத்தம், சமணம், வைதிகம் என்னும் வேறுபாடின்றி வடமொழிச் சுவடிகளின் இறுதியில் வழங்கின.

முடிவுக் குறிப்புகள் காட்டும் மக்கள்

பால மன்னர் காலச் சுவடிகளின் முடிவுக் குறிப்புகள் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. முதற்கண் காரண காரியத் தோற்றத்தைச் சுருக்கியுரைக்கும் புகழ்பெற்ற சுலோகம் இடம்பெறும். அடுத்து, மகாயான நெறி நிற்கும் இன்னாரின் அறக்கொடை இது என்னும் குறிப்பு வரும். இக்கொடையால் விளையும் புண்ணியம் ஆசிரியர், உபாத்தியாயர், தாய் தந்தையர் முதலாக உயிர்த்தொகை அனைத்தும் ஒப்பற்ற ஞானம் பெறுதற்கு ஆகுக என்னும் வேண்டுதல் அதனைத் தொடரும். பின்னர் மன்னர் பெயரும் ஆட்சியாண்டும், சில சுவடிகளில் இடமும் எழுதியவர் பெயரும் காணப்படும்.

இவ்வாய்பாட்டில் புதிய நூல் ஒன்றை இயற்றியவர்க்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. முன்னரே உள்ள நூலுக்கு மற்றொரு படி உண்டாக்குவதே அறம். ஒரு நூலுக்கு நூறு படிகள் முன்னரே இருப்பினும் நூற்றோராவது படி வீணாவதில்லை. அதை எழுதுவித்தவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் அது முதற்படியின் பயனையே தரும். படிப்போர் தேவையை மட்டும் எண்ணிப் படியெடுக்கும் சமுதாயத்தில், தேவை நிறைந்தவுடன் எழுத்து நின்றுவிடும். புண்ணியம் கருதிப் படியெடுக்கும் சமுதாயத்தில் அது நிற்பதில்லை. இந்நுட்பமே அந்நூலின் நெடுவாழ்விற்கு அடிப்படை எனலாம்.

எழுதுவித்தோர் பலதிறத்தினர். கொல்கத்தா ஆசியக் கழகத்திலுள்ள சுவடியொன்று மகிபாலனின் 6ஆம் ஆட்சியாண்டில் நாளந்தாவில் எழுதப்பெற்றது. அதனை அளித்தவர் ஒரு பிக்கு. நயபாலனின் 14ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பெற்று இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பஞ்சரட்சைச் சுவடி ஓர் அரசியின் கொடை. ஆக்சுபோர்டு போட்லியன் நூலகச் சுவடி இராமபாலனின் 15ஆம் ஆண்டிலும், இலண்டன் அரச ஆசியக் கழகச் சுவடி கோவிந்தபாலனின் 4ஆம் ஆண்டிலும் நாளந்தாவில் எழுதப்பெற்றவை. கோபாலன் என்னும் பெயருடைய மன்னனின் 15ஆம் ஆண்டில் விக்கிரமசீலத்தில் எழுதப்பெற்ற சுவடி பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. உபாசகர், உபாசிகை, வணிகர் மனைவியர் எனப் பலர் பெயர்கள் இத்தகைய சுவடிகளில் பயில்கின்றன. அரசவரலாறு கூறும் கல்வெட்டுகளில் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் ஏட்டின் இறுதி வரிகளிலேயே வாழ்கின்றன. சுவடி நூலினை மட்டும் காக்கவில்லை. அதனை எழுதுவித்த மனிதரையும் காத்துள்ளது.

ஏட்டின் மறுவாழ்வு

மேற்குறித்த நாளந்தாச் சுவடிகளுள் எதுவும் நாளந்தாவின் இடிபாடுகளிலிருந்து கிடைத்ததன்று. இத்தகைய சுவடிகள் பெரும்பாலும் நேபாளத்திலோ திபெத்திலோ எஞ்சியவை. 19ஆம் நூற்றாண்டில் பிரையன் ஹாட்சனும் டேனியல் ரைட்டும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் தொகுத்தவை ஐரோப்பிய நூலகங்களைச் சேர்ந்தன. 1929 முதல் 1938 வரை இராகுல சாங்கிருத்தியாயன் மேற்கொண்ட நான்கு திபெத்தியப் பயணங்களில், தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் உள்ளிட்ட வடமொழி நூல்களின் ஏடுகள் அங்குள்ள மடங்களில் கண்டறியப்பெற்றன. குளிர்ந்த உலர் தட்பவெப்பம் அவ்வேடுகளைக் காத்தது என்பர். அஃது ஒரு காரணமே. அங்கு அவை வழிபடப்பெற்றன, தேவைப்பட்டபோது செப்பனிடப்பெற்றன என்பது அதனினும் வலிய காரணமாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கேம்பிரிட்ஜ் நூலகத்தின் 1643ஆம் எண்ணுள்ள பிரஜ்ஞாபாரமிதைச் சுவடி. நேபாள ஆண்டு 135இல், அதாவது கி.பி. 1015இல், எழுதப்பெற்றது. அதன் எண்பதுக்கும் மேற்பட்ட சிற்றோவியங்களின் அருகே இடப்பெயர்கள் குறிக்கப்பெற்றுள்ளன. பௌத்த உலகின் புகழ்பெற்ற வழிபாட்டிடங்களை ஒரு நூலுக்குள் அடக்கிய தொகுப்பு அது. தமிழாய்வாளர்க்கு அதில் இரு குறிப்புகள் சிறப்பாகப் பயன்படும். ஒன்று, தட்சிணாபதத்து மூலவாசத்தின் லோகநாதர். இது பாலியம் செப்பேட்டோடு தொடர்புறுத்தப்பெறும், கேரளக் கடற்கரையின் திருமூலவாதம் எனக் கருதப்படுகிறது. மற்றொன்று, கடாகத் தீவின் லோகநாதர். இக்கடாகமே நம் கல்வெட்டுகள் கூறும் கடாரம். தென்னகத்தில் அழிந்துபட்ட ஒரு பௌத்தத் தலத்தின் நினைவை இமயத்தின் அடிவாரத்தில் எழுதிய ஏடொன்று காத்துவைத்துள்ளது.

அச்சுவடியின் இறுதியில் இரண்டாவதாக ஒரு குறிப்பு உள்ளது. நேபாள ஆண்டு 259இல், கி.பி. 1139இல், கருணாவச்சிரர் என்பவர் அதனை எழுதினார். நம்பிக்கையற்றோர் கையில் அகப்பட்டிருந்த அந்நூலைத் தாம் மீட்டதாக அவர் கூறுகிறார். எழுதி நூற்றிருபத்துநான்கு ஆண்டுகளிலேயே ஒருமுறை அது தன் சூழலை இழந்தது. ஒரு மனிதர் அதனை மீட்டுத் தம் பெயரையும் ஏட்டில் சேர்த்தார். முதலில் எழுதியவரின் செயலோடு ஒப்ப, மீட்டவரின் செயலும் குறித்துவைக்கத் தக்க அறமாகக் கருதப்பெற்றது.

மகதத்தின் நிலைமையும் இதற்கு மாறானதன்று. கோவிந்தபாலனோடு பால மரபு ஏறத்தாழ முடிவுற்றது. ஆயின் அதன் பின்னரும் பௌத்த எழுத்தாளர்கள் அவன் ஆண்டையே எண்ணினர். கேம்பிரிட்ஜ் நூலகத்திலுள்ள ஒரு சுவடி, கோவிந்தபாலனின் அழிந்துபட்ட அரசின் 38ஆம் ஆண்டு எனத் தன் காலத்தைக் குறிக்கிறது. ஆளும் மன்னன் பெயரைக் கூற இயலாத, அல்லது கூற விரும்பாத எழுத்தாளர் ஒருவர், இல்லாத அரசின் ஆண்டைக் கணக்கிட்டு, உள்ள நூலைப் படியெடுத்தார். கி.பி. 1235ஐ ஒட்டி நாளந்தாவிற்கு வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமி, தொண்ணூறு வயது கடந்த இராகுலசிறீபத்திரர் எழுபது மாணவர்க்குப் பாடம் சொல்லியதைக் கண்டார். கி.பி. 1446இல்கூட மகதத்துச் சிற்றூர் ஒன்றில் காயஸ்தர் ஒருவர் பிக்கு ஒருவருக்காகக் காலசக்கர தந்திரத்தைப் படியெடுத்தார்; அச்சுவடியும் கேம்பிரிட்ஜில் உள்ளது. மகாவிகாரை அழிந்த நாளே நூலும் அழிந்த நாள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எழுதுவிப்பார் ஒருவரும் எழுதுவார் ஒருவரும் உள்ளவரை நூல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அவ்விணை மகதத்தில் அற்றது, நேபாளத்தில் தொடர்ந்தது. இலலிதபுரத்துக் குவா பகாலில் பொன்மையால் எழுதப்பெற்ற 13ஆம் நூற்றாண்டுப் பிரஜ்ஞாபாரமிதை நம் காலத்திலும் நேர்த்திக்கடனாக ஓதப்பெற்று வருகிறது.

தட்பவெப்பத்தினும் படியெடுப்பே முதன்மையானது என்பதனை இலங்கையின் நிலையும் உறுதிசெய்யும். இன்று அங்குள்ள பாலிச் சுவடிகளிற் பெரும்பாலன 18, 19ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பாலிச் சுவடி, காத்மாண்டுவில் உள்ள நான்கு ஏடுகளே. அவை 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என ஆஸ்கர் வான் இனூபர் கணித்துள்ளார். பழைய ஏடு இலங்கையில் இல்லை. ஆனால் முழுத் திரிபிடகமும் அங்கு உண்டு. ஏட்டின் ஆயுள் வேறு, நூலின் ஆயுள் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழகச் சூழல்

இவ்வளவைகளைக் கொண்டு தமிழகத்தை நோக்கும்போது ஒரு முரண் புலப்படுகிறது. சோழநாட்டுப் பூதமங்கலத்தில் காவிரிக் கரை விகாரையொன்றில் இருந்துகொண்டு, களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன் காலத்தில், புத்ததத்தர் விநயவினிச்சயம் என்னும் பாலி நூலை இயற்றினார். அந்நூல் இன்றும் உள்ளது. சோழநாட்டவராகிய காசியபரின் மோகவிச்சேதனியும் உள்ளது. தமிழ்மண்ணில் தோன்றிய இந்நூல்களைக் காத்தவை இலங்கை, மியன்மார் முதலிய நாடுகளின் ஏடுகள். அங்குச் சங்கம் தொடர்ந்தது, விநயம் கற்பிக்கப்பெற்றது, ஏடு எழுதுவித்தல் புண்ணியம் எனக் கருதப்பெற்றது.

தமிழில் எழுந்த பௌத்த நூல்களின் நிலை வேறு. குண்டலகேசி, பிம்பிசார கதை, சித்தாந்தத் தொகை, திருப்பதிகம் ஆகியன மேற்கோள்களால் மட்டுமே அறியப்படுகின்றன என மயிலை சீனி. வேங்கடசாமி பௌத்தமும் தமிழும் என்னும் நூலில் 1940இலேயே தொகுத்துக் காட்டினார். பாலி நூல் கடல் கடந்து புகலிடம் தேடலாம். தமிழ் நூலுக்குத் தமிழறிந்த பௌத்தக் குடும்பங்களே புகலிடம். அவை அருகியபோது படியெடுக்கும் கையும் அருகிற்று.

மணிமேகலை எஞ்சியது எவ்வாறு எனின், அது பௌத்த நூலாக எஞ்சவில்லை, காப்பியமாக எஞ்சியது. சிலப்பதிகாரத்தோடு ஒருங்கு எண்ணப்பெற்றமையால், பௌத்தரல்லாத புலவர் மரபுகள் அதனைப் படியெடுத்தன. 1898இல் உ.வே. சாமிநாதையர் அதனைக் குறிப்புரையுடன் பதிப்பிக்க முனைந்தபோது, தமிழகத்தில் அதன் சமயக் கருத்துகளை மரபுவழியாக விளக்கப் பௌத்தர் எவரும் இலர். ஏடு இருந்தது, பாடம் சொல்வார் இல்லை. ஆங்கில நூல்களின் வழிப் பௌத்தம் அறிந்த மளூர் அரங்காசாரியாரின் துணை அவருக்கு வேண்டியதாயிற்று. வீரசோழியம் இலக்கணநூல் என்னும் தகுதியால் எஞ்சியது. குண்டலகேசிக்கு இவ்விரு தகுதிகளும் போதிய அளவில் உதவவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றென எண்ணப்பெற்றும், சமயவாதமே அதன் உயிர்நிலையாக இருந்தமையால், வாதத்தின் ஒரு தரப்பார் மறைந்தபின் அதனை எழுதுவிப்பார் இலராயினர் எனக் கருதலாம்.

அதனை மறுக்க எழுந்த நீலகேசி எஞ்சியுள்ளது என்பது இக்கருத்திற்கு அரண் செய்கிறது. தமிழகத்தில் சமணர் தொடர்ந்து வாழ்ந்தனர். நூலை எழுதுவித்து வழங்கும் சாத்திரதானம் அவர்கள் போற்றும் தானங்களுள் ஒன்று. குண்டலகேசியின் செய்யுட்கள் சில இன்று கிடைப்பது நீலகேசியின் உரையாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலாலும் ஆகும். மறுத்தவர் வீட்டில் மறுக்கப்பட்டவரின் சொற்கள் எஞ்சின. இரு நூல்களும் ஒரே மண்ணில், ஒரே வகைப் பனையோலையில், ஒரே தட்பவெப்பத்தில் இருந்தவை. கறையான் இரண்டிற்கும் பொது. படியெடுக்கும் சமுதாயம் ஒன்றற்கே இருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பௌத்தச் சுவடிகளின் ஆக்கம் எழுத்துத் தொழிலாக மட்டுமன்றி அறச்செயலாகவும் போற்றப்பெற்றது. படியெடுத்தல் தேவையைக் கடந்து புண்ணியத்தோடு இணைந்தமையால் நூல்கள் மிகைப்படிகள் பெற்றன. அம்மிகையே பேரழிவுகளில் அவற்றைக் காத்தது. மகாவிகாரைகளின் வீழ்ச்சிக்குப் பின்னரும் எழுதுவிப்போர் எஞ்சிய இடங்களில் நூல் எஞ்சியது. தமிழ்ப் பௌத்த நூல்களின் மறைவிற்கு இயற்கையின் அழிவினும் படியெடுப்புத் தொடர்ச்சி அற்றமையே முதற்காரணம்.

இம்முடிவு நம் சுவடிப்புலப் பணிக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. கேம்பிரிட்ஜ் நூலகத்தின் பௌத்தச் சுவடிகளுக்குச் செசில் பெண்டால் 1883இல் வெளியிட்ட அட்டவணை, முடிவுக் குறிப்புகளுக்கு இடமளித்தமையால்தான் அழிந்துபட்ட அரசின் ஆண்டை எண்ணிய எழுத்தாளரை நாம் அறிகிறோம். தமிழ்ச் சுவடி அட்டவணைகள் பலவற்றில் நூற்பெயர், ஆசிரியர், ஏட்டெண், தொடக்கம், முடிவு ஆகியன தரப்பெறுகின்றன. இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னார்க்காக இன்னார் எழுதி முடித்தது என்னும் வரி பல இடங்களில் விடுபடுகிறது. நூலின் பகுதியன்று எனக் கருதி விடப்பெறும் அவ்வரியே அந்நூல் எவர் கையால் நம்மை வந்தடைந்தது என்பதற்கு எஞ்சிய சான்று. ஏடுகள் மின்னுருவாக்கம் பெறும் இக்காலத்தில் அவ்வரிகளை முழுமையாகப் பதிவுசெய்து தொகுத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், தமிழ் நூல்களைத் தலைமுறைதோறும் மீண்டும் எழுதியவர்களின் வரலாற்றை எழுத நமக்கும் வழி பிறக்கும்.